பதினோராவது குறை

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. ஐந்து ஐம்பத்தொன்றுக்கு எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். வெதுவெதுப்பானதும் டம்ளரில் ஊற்றி, அரை ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்கி, வாஷ்பேசின் முன்னால் நின்று ஐந்து முறை தொண்டையைக் கொப்பளித்தான். அவன் தொண்டைக்கு எந்தக் கோளாறும் இல்லை. அவன் மனைவிதான் டப்பிங் பேசுகிறவள். அவளுக்காகத் தினமும் அந்தத் தண்ணீரை அவன் கலந்து வைப்பான். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. கை பாட்டுக்குக் கலந்துவிடுகிறது. கலந்ததைக் கொட்டுவானேன் என்று அவனே கொப்பளிக்கத் தொடங்கியிருந்தான்.

குளித்தான். பீரோவைத் திறந்து சட்டை எடுத்தான். கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. பீரோவைச் சாத்தினான். இரண்டு துண்டு ரொட்டி தின்றான். ஏழு நாற்பதுக்கு மாமியாரின் போன் வந்தது. அது தினமும் ஏழு நாற்பதுக்கு வரும்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்க மாட்டேன். கேட்டா வயித்தெரிச்சல்தான். அந்தப் படம் எப்ப வருது?"

"இன்னிக்கு எங்க ஆபீஸ்ல கடைசிக் கூட்டம். முடிஞ்சா அடுத்த மாசம் வந்துடும்."

"அவ குரல் அப்படியே வருமில்ல?"

"வரும் அத்தை."

"பதினாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு வரிசை முழுக்க நாங்கதான். அவ கடைசியா சொன்னதையும் எல்லார்கிட்டயும் சொன்னேன். 'அம்மா, அவருக்கு ஒண்ணுமே தெரியாது, குழந்தை மாதிரி, நான் இல்லாட்டியும் நீதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்'னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடினா. கேட்டு அழாதவங்க இல்ல."

அவள் கண்ணை மூடிய நேரத்தில் மாமியார் பஸ்ஸில் இருந்தார். மருத்துவமனைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் பாக்கி. முதல் வாரத்தில் அந்த வாக்கியம் 'அம்மா, பாத்துக்கோ' என்றுதான் இருந்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு சொல்லாக வளர்ந்து இந்த நீளத்துக்கு வந்திருக்கிறது. அவன் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை.

"அப்புறம் மாப்பிள்ளை, அந்தச் செருப்பு. துணி வைக்கிற எடத்துல செருப்பை வைப்பாங்களா யாராவது? வெளிய எடுத்துப் போடுங்க."

"பாக்கறேன் அத்தை."

எட்டு பத்துக்குப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

அவன் வேலை பார்ப்பது திரைப்பட நிறை குறை மதிப்பீட்டு வாரியத்தில். அங்கே அவன் குறிப்பாளர். உறுப்பினர்கள் பேசுவதை எழுதுவதுதான் வேலை. வாரியத்தின் சட்டம் நூற்று நாற்பது பக்கம் என்றாலும் சாரம் ஒன்றுதான். எந்தப் படமும் முழுக்க நல்லதில்லை, முழுக்க மோசமுமில்லை. ஆகவே எந்தப் படத்துக்கும் பதினோரு நிறையும் பதினோரு குறையும் இருந்தே தீர வேண்டும். நிறைகளைப் படக்காரர்கள் போஸ்டரில் போட்டுக்கொள்ளலாம். குறைகளை நீக்கிக் கொண்டுவந்தால்தான் படம் தியேட்டருக்குப் போகும்.

சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று ஐந்து நிமிடப் படம் ஒன்று போன வருடம் வந்தது. அதில் பதினோரு குறை கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. 'கைகளுக்கு முன்கதை இல்லை' என்பது ஒன்பதாவது குறை. அதே மாதம் இன்னொரு படம் வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அதை யாராலும் பார்க்க முடியவில்லை. அதற்கும் பதினோரு நிறை கொடுத்தார்கள். 'இடைவேளை விடப்பட்டது' என்பது முதலாவது.

உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர், முப்பது வருடம் எடை அளவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் பித்தளைத் தராசு ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். இரண்டாவது ஆள் கராத்தே மாஸ்டர். சண்டைப் படங்களுக்கு நிபுணர் வேண்டும் என்று போட்டார்கள்; போட்டபின் எல்லாப் படத்துக்கும் வருகிறார். மூன்றாவது ஒரு பல் டாக்டரம்மா. அவரை ஏன் போட்டார்கள் என்பதற்குக் கோப்பு இருக்கிறது. கோப்பைக் காணவில்லை.

அன்று மேஜைக்கு வந்தது ஓர் அனிமே படம். வெளிநாட்டில் வரைந்தது, நம் மொழியில் பேச வைத்தது. பெயர் 'நிழற்பள்ளி'. மலை உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் தங்கள் நிழலை வாளாக உருவிச் சண்டை போடப் படிக்கிறார்கள். பிறவியிலேயே நிழல் விழாத ஒரு பெண் அங்கே வந்து சேர்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் முந்நூறு வயதான ஒற்றைக்கண் ஆசிரியை. ஊரார் நிழல்களையெல்லாம் திருடித் தின்னும் ஒரு பழைய மாணவன் வருகிறான். ஆசிரியை சாகிறாள். அந்தப் பெண் ஜெயிக்கிறாள்.

படம் எப்படி என்று குறிப்பாளரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரும் கேட்டதில்லை. சண்டைகளில் யார் கால் எங்கே இருக்கிறது, அடி எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கணம்கூடக் குழம்பாது. மழையை மழையாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்த அடியின் பெயரை முழுசாகக் கத்திவிட்டுத்தான் அடிக்கிறார்கள். எதிராளியும் கேட்டு முடிக்கும்வரை நிற்கிறான். மேலே குதித்த பெண் கீழே இறங்குவதற்குள் அவள் பிறப்பு, தாய் இறப்பு, ஊர்ப் பஞ்சம் மூன்றும் வந்து போகின்றன. இரண்டு மணி நேரம் ஊரை அழித்தவன் கடைசியில் ஒரே வாக்கியத்தில் திருந்துகிறான். இத்தனையும் இருந்தும் அவன் அதைப் பதினெட்டு முறை பார்த்திருந்தான். ஆசிரியைக்குக் குரல் கொடுத்தவள் அவன் மனைவி. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்னால் பேசியது. அதற்குப் பின் அவள் எதற்கும் பேசவில்லை.

இந்த விஷயம் உறுப்பினர்களுக்குத் தெரியாது. குரல் கொடுத்தவர்கள் பெயர் படத்தின் கடைசியில் வரும். கடைசியில் பெயர் ஓடும்போது உறுப்பினர்கள் டீ சாப்பிடப் போய்விடுவார்கள்.

பத்தரைக்குக் கூட்டம் கூடியது. தலைவர் பட்டியலை வாசிக்கச் சொன்னார். குறிப்பாளர் வாசித்தான்.

"நிறை பதினொண்ணு. குறை பத்து."

தலைவரின் முகம் வாடியது. "ஒண்ணு குறையுதே."

"என் குறையை எழுதிட்டீங்களா?" என்றார் பல் டாக்டரம்மா. "எல்லார் வாயிலயும் வெள்ளையா ஒரு பட்டைதான் இருக்கு. தனித்தனிப் பல்லே இல்ல. அந்த டீச்சருக்கு முந்நூறு வயசு. ஒரு பல் ஆடல. சின்னப் பசங்க பாக்கற படம்."

"எழுதியாச்சு மேடம். ஆறாவது குறை."

"பெல்ட்?" என்றார் கராத்தே மாஸ்டர்.

"நாலாவது குறை. 'மாணவர் எவருக்கும் பெல்ட் இல்லாததால் அவர்களது தகுதி நிலை தெளிவாக இல்லை.'"

"கரெக்ட். யாரு வேணா யாரை வேணா அடிக்கறான். ஒரு முறை வேணாம்? ஆனா அடியோட பேரைச் சொல்லிட்டு அடிக்கறாங்க பாருங்க, அது ஒழுக்கம். அதை நிறையில சேத்தீங்களா?"

"ரெண்டாவது நிறை சார். ஏழாவது குறையும் அதேதான். டாக்டர் மேடம் சொன்னது."

"இருக்கட்டும்," என்றார் தலைவர். "ரெண்டு தட்டுலயும் ஒரே கல்லு. அதுதான் நடுநிலை." பிறகு நாற்காலியில் சாய்ந்து, புதிதாக யாரும் வராவிட்டாலும் மாதம் ஒருமுறை சொல்வதைச் சொன்னார். "முப்பது வருஷம் தராசு பாத்தவன் நான். தட்டுல என்ன சாமான் இருக்குன்னு ஒருநாளும் பாத்தது கிடையாது. முள்ளு நடுவுல நிக்குதா, அவ்வளவுதான். சாமானைப் பாத்தா ஆசை வரும். ஆசை வந்தா கை சாயும். இந்த வாரியத்துக்கு வந்தப்பவும் அதையேதான் சொன்னேன். படத்தைப் பாத்தா தீர்ப்பு கெட்டுப்போகும். பட்டியலைப் பாருங்க."

இருவரும் தலையாட்டினார்கள். குறிப்பாளர் எழுதிக்கொண்டான்.

"சரி, மிச்சம் என்ன இருக்கு?"

"ஆசிரியை சாகற காட்சி சார். அது மட்டும் இன்னும் எதுலயும் சேரல."

"அப்ப வேலை முடிஞ்சுது. குறையில போடுங்க."

"போட வேண்டியதுதான்," என்றார் மாஸ்டர். "வாளு நெஞ்சுல ஏறியிருக்கு. அப்புறமும் மூணு நிமிஷம் நாப்பது செகண்டு பேசறா. நான் வாட்ச் வச்சுப் பாத்தேன். மலைங்கறா, மூச்சுங்கறா. 'வாளை எடுக்காதே, வாள் இருந்த வெற்றிடத்தை எடு'ங்கறா. வெற்றிடத்தை எப்படிங்க எடுக்கறது? பிடிமானம் வேணாம்? சாகப்போறவ யாராவது இப்படிப் பேசுவாளா?"

"செயற்கை," என்றார் பல் டாக்டரம்மா.

தலைவர் ஒரு கடிதத்தைப் புரட்டினார். "படக் கம்பெனிக்காரன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட்டான். நல்ல பையன். இந்தக் காட்சி குறைன்னு வந்தா சுருக்கிப் பேச வச்சுடறானாம். 'அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் தற்சமயம் கிடைக்க மாட்டார் என்பதால், வேறொருவரைக் கொண்டு பாத்திரம் முழுவதையும் புதிதாகப் பேச வைத்துவிடுகிறோம்.' முடிஞ்சது. எழுதுங்க, பதினோராவது குறை."

குறிப்பாளர் பேனாவைத் தாளில் வைத்தான். 'பதினோராவது குறை' என்று எழுதினான். ஒரு வரிசை முழுக்க உட்காரப்போகும் பதினாலு பேர் நினைவுக்கு வந்தார்கள், மாமியாரோடு பதினைந்து. எழுதியதை அடித்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்தில் கூட்டத்தில் அவன் வாயைத் திறந்தது அன்றுதான்.

"சார், சாகறப்ப பேசறது உண்டு சார்."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். நாற்காலி பேசியதைப் போல இருந்தது அவர்களுக்கு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

பல் டாக்டரம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா, கேள்விப்பட்டேன். போன வருஷமா?"

"ஏழு மாசம் சார்."

"வாரியம் சார்புல ஒரு மலர்வளையம் அனுப்பினோம் இல்ல?"

"தீர்மானம் போட்டோம் சார். அடுத்த கூட்டத்துல அனுப்பறதா இருந்தது."

"நல்லது." தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஊழியர் யாரும் நிறையோ குறையோ சொல்லக் கூடாது. ஆனா உறுப்பினர்களுக்கு அனுபவம் இல்லாத விஷயத்துல, அனுபவம் உள்ளவர் சாட்சி சொல்லலாம். படிவம் ஒன்பது. ஒரு ஆள் வருஷத்துக்கு ஒருவாட்டி. நீர்மூழ்கிக் கப்பல் படம் வந்தப்ப நம்ம மாடித் தண்ணித் தொட்டி கழுவறவரைக் கூப்பிட்டோமே, அந்த மாதிரி."

"அவர் சொன்னது ரொம்ப உபயோகமா இருந்தது," என்றார் மாஸ்டர்.

"எழுதிக் கொண்டாங்க. உங்க வீட்டுக்காரம்மா கடைசியா என்ன சொன்னாங்க, எத்தனை நேரம் சொன்னாங்க. நீளமா பேசியிருந்தா படத்துல வர்றது இயல்பு, அப்ப அது நிறை. சுருக்கமா பேசியிருந்தா அது குறை. உங்க துக்கத்தை வாரியம் மதிக்குது. அதனால அஞ்சு பிரதி வேணாம், மூணு போதும்."

அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். படிவத்தில் கட்டங்கள் இருந்தன. சாட்சியின் பெயர். இறந்தவருக்கு உறவு. இறந்தவர் முன்பு எப்போதாவது இறந்ததுண்டா. ஆம் எனில் தேதி. கீழே பெரிய கட்டம்: கடைசியாகச் சொன்னது.

அவள் கடைசியாகச் சொன்னது இரண்டு வரி. நாலு விநாடி இருக்கும். அதை எழுதினால் ஆசிரியைக்கு வேறொருத்தி குரல் கொடுப்பாள்.

மாமியாரின் வாக்கியத்தை நினைத்துப் பார்த்தான். இழுத்து இழுத்துச் சொன்னாலும் பத்து விநாடி தாண்டாது. மூன்று நிமிடம் நாற்பது விநாடிக்கு ஒரு பேச்சுத்தான் அவனுக்கு மனப்பாடம். அதையே எடுத்தான். மலையை வீடாக்கினான். வாளைச் சாவியாக்கினான். மற்றதை அப்படியே விட்டான். மூன்று பிரதி எடுத்தான்.

தலைவர் வாசிக்கச் சொன்னார். அவன் நின்றபடி வாசித்தான்.

"இந்த வீட்டை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். வீடுங்கறது சுவர் இல்ல, உள்ள இருக்கறவங்க மூச்சு. என் சாவியை எடுக்காதீங்க. சாவி தொங்கின ஆணியை எடுத்துக்கோங்க. தனியாயிட்டோம்னு நினைக்காதீங்க. வெளிச்சம் உள்ளயே எரிஞ்சா, நிழல் எங்க போய் விழும்..."

ஒன்றரைப் பக்கம் இருந்தது. முடித்தபோது பல் டாக்டரம்மா கைக்குட்டையை எடுத்திருந்தார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி தொங்கின ஆணி," என்றார் மாஸ்டர் மெதுவாக. "எவ்வளவு இயல்பா வந்திருக்கு பாருங்க."

"இதுதாங்க வாழ்க்கை," என்றார் தலைவர். "சினிமாக்காரனுக்கு இப்படி எழுத வருமா? அவன் மலைங்கறான், வாளுங்கறான். எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு சார்."

"படத்துலயும் அதேதான்," என்றார் மாஸ்டர். கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். "அப்ப அந்தக் காட்சி இயல்புதான். நான் வாட்ச் வச்சுப் பாத்ததுல தப்பில்ல."

"நிறைன்னு எழுதுங்க," என்றார் தலைவர்.

அவன் எழுதினான்.

"இப்ப நிறை பன்னெண்டு, குறை பத்து," என்றார் தலைவர். "சாட்சியால வந்த நிறையைத் தள்ள முடியாது. அதனால பழைய நிறையில ஒண்ணைக் குறைக்கு மாத்தினா ரெண்டு பக்கமும் பதினொண்ணு. எதை மாத்தலாம்?"

மாஸ்டர் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். டாக்டரம்மா எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வாரியத்தில் முறை உண்டு. பதினோரு நிறையையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, எழுத்து முடிகிற இடத்தில் கத்தரித்து, தலைவரின் தராசில் ஒன்றுக்கொன்று வைத்து நிறுப்பார்கள். எது லேசாக இருக்கிறதோ அது வலுவில்லாத நிறை.

முக்கால் மணி நேரம் நிறுத்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுத்தார்கள். 'சண்டைக் காட்சிகளில் கால் வைப்பும் அடி வரும் திசையும் பார்வையாளருக்குத் தெளிவாகப் புரிவது' என்ற சீட்டு கனமாக நின்றது. 'மழை' தப்பித்தது, 'மழைக்காட்சிகள் இயற்கையாக வரையப்பட்டுள்ளமை' என்று நீட்டி எழுதியிருந்தான். கடைசியில் மேலே போய் நின்றது ஒரு துண்டுச் சீட்டு. ஐந்தாவது நிறை. 'மௌனம்.'

"எது இது?" என்றார் தலைவர்.

"ஆசிரியை பேசி முடிச்சதும் பன்னெண்டு செகண்டு சத்தமே இருக்காது சார். பனி விழும். அவ்வளவுதான்."

"பன்னெண்டு செகண்டா? நான் புரொஜெக்டர் நின்னுபோச்சுன்னு நினைச்சேன். சும்மா இருக்கறதெல்லாம் எப்படி நிறையாகும்? குறைக்கு மாத்துங்க."

"உடுக்கை மாதிரி ஏதாவது அடிச்சு நிரப்பச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர். "வீரமா இருக்கும்."

அந்தப் பன்னிரண்டு விநாடியில் மூன்றாவது விநாடியில் ஒரு மூச்சு வரும். ஒன்றே ஒன்று. டப்பிங் டைரக்டர் அதை வெட்டச் சொன்னாராம். செத்தவள் எப்படி மூச்சு விடுவாள் என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து பை கூடக் கழற்றாமல் அவள் அவனிடம் சொன்னாள். "பேச்சுதான் முடிஞ்சிருக்கு சார், ஆளு இன்னும் போகலன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. விடல நான்."

அவன் வாயைத் திறந்தான். படிவம் ஒன்பது, வருடத்துக்கு ஒருமுறை. வாயை மூடினான். 'பதினோராவது குறை: மௌனம்' என்று எழுதினான். தலைவர் தராசின் முள்ளைப் பார்த்தார். நடுவில் நின்றது. கூட்டம் முடிந்தது.

மதியம் படப்பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கையெழுத்து வாங்க புரொஜெக்டர் அறைக்குப் போனான். ஆபரேட்டர் அண்ணன் அங்கே இருந்தார். ஒருநாள் அவன் மறந்துவிட்ட குடையைக் கொடுக்க வந்த மனைவி, மாடிப்படியில் நின்று அவனைத் திட்டினாள். இரண்டு மாடி கேட்டது. அந்தக் குரலைப் படத்தில் முதல் நாளே கண்டுபிடித்தவர் அண்ணன் ஒருவர்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"உக்காரு தம்பி. அனுப்பறதுக்கு முன்னாடி ஒருவாட்டி ஓட்டறேன்."

திரையில் ஆசிரியை மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசினாள். பனி விழுந்தது. மூன்றாவது விநாடியில் மூச்சு வந்தது. மீதி ஒன்பது விநாடி போயிற்று. அண்ணன் நிறுத்தினார்.

"நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே."

"கேளுங்கண்ணே."

"அந்த ஆணி, சாவி எல்லாம் இதுலேருந்து எடுத்ததுதானே? இந்த ஓட்டை வழியா கூட்டத்துல பேசறது எல்லாம் எனக்குக் கேக்கும். இருபதுவாட்டி ஓட்டினவன், எனக்குத் தெரியாதா?"

"ஆமாண்ணே."

"அந்த மூணு பேருக்கும் தெரியல பாரு." பெட்டியை மூடி, கொக்கியைப் போட்டார். "அவங்க நெசமா என்ன சொன்னாங்க?"

யாரும் இதுவரை அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசல். ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். கதவு பாதி திறந்திருந்தது. அவள் தலையைத் தூக்கி, அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவன் அதைச் சொன்னபடியே அண்ணனிடம் சொன்னான்.

"என் செருப்ப எடுத்து உள்ள வை. வெளிய கெடந்தா எவளாவது மாட்டிட்டுப் போயிடுவா."